மூன்று மூடித் தண்ணீர்

"அதுக்குத் தண்ணி ஊத்தறது நீங்கதானா?"

பல் கிளினிக் ரிசப்ஷனிஸ்ட்டின் குரலுக்கு, காத்திருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். வாரா வாரம் பல்லுக்கு வைத்தியம் பார்க்க வரும் லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் பாட்டில் மூடி அந்தரத்தில் நின்றது.

கவுண்டர் மேல் உள்ளங்கை அகலத் தொட்டி. பூ மாதிரி அடுக்கிய தடித்த இலைகள். வீட்டில் நாலு மாதம் வளர்த்து, கண்ணெதிரே இருக்கட்டும் என்று அவள் கொண்டுவந்து வைத்த செடி.

"வாடின மாதிரி இருந்துச்சு... மூணு மூடிதான்."

"வாரா வாரமா? இது பாலைவனச் செடிங்க. வேர் ஏன் அழுகுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். தெரியாத விஷயத்துல எதுக்குக் கை வைக்கறீங்க?"

யாரோ சிரித்தார்கள். அவன் கண்கள்... மழைக்கு முந்தின வானமாய் ஒரு நொடி இருண்டு, தாழ்ந்தன. பல்லில் பாதி வேலை மீதியிருக்க, எழுந்து போய்விட்டான்.

அன்றே செடியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பிழைத்தது ஒரே இலை. புது வேர் விடட்டும் என்று அதன் முனையைக் காயவைத்து, மணல் மேல் கிடத்தி, ஜன்னலோரம் வைத்தாள். வேர் விட்டதா என்று நிமிஷத்துக்கொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"சும்மா விடேன்டி, நீ பார்க்கற பார்வைக்கே அது பயந்துடும்" என்றாள் அம்மா.

இருப்புக் கொள்ளவில்லை. செடிக்காகத்தானா...

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். கிளினிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைக் கூப்பிடுவது அவள் வேலைதான். அவன் எண்ணை மட்டும் பாதி அழுத்திவிட்டு வைத்தாள். தப்பு அவன் மேல... நான் ஏன் இறங்கிப் போகணும்?

மூன்றாம் வாரம் முழுசாக அழுத்திவிட்டாள். எடுத்தது அவன் அக்கா.

"வலியில சரியா சாப்பிடறதே இல்லம்மா. டாக்டர்கிட்ட போடான்னா, அங்க ஒருத்தங்க முகத்துல முழிக்க முடியாதுங்கறான். யாரும்மா அது?"

"நான்தாங்க. வரச் சொல்லுங்க... திட்ட மாட்டேன்னும் சொல்லுங்க."

மறுநாள் மழையில் நனைந்து வந்தான், கன்னம் வீங்கி. கவுண்டருக்கு எட்டியே நின்றான்.

"செடி?"

"ஒரு இலை பிழைச்சிருக்கு. நேத்துதான் வேர் விட்டுச்சு, நூல் மாதிரி."

அவன் நிம்மதியாய் மூச்சு விட்டான். "ஒண்ணு சொல்லணும். அது வாடவே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. உங்க பக்கத்துல வந்து நிக்க வேற காரணம் கிடைக்கல... அதான் ஊத்தினேன்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை.

"நல்ல ஆளுங்க நீங்க. அதுக்காக ஒரு உயிரை..." சிரிப்பு வந்து மிச்சத்தை விழுங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மூணு வாரமா அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிங்க. இனிமே காரணமெல்லாம் தேட வேண்டாம்... சும்மாவே வந்து நில்லுங்க."