புள்ளி வைத்த புத்தகம்

வானதியின் அம்மா மலர்க்கொடி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். பி.எஸ்சி. கடைசி வருட மாணவர்களுக்காகக் குவாண்டம் இயற்பியல் பற்றித் தமிழில் ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருந்தார்.

ஆறாம் வகுப்பு படிக்கும் வானதிக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டே விஷயங்கள்தான் தெரியும். அட்டையில் அம்மாவின் பெயர் இருக்கிறது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை வைத்து முட்டுக் கொடுக்கலாம்.

ஒரு சனிக்கிழமை அச்சகத்திலிருந்து மீரா சாகிப் போன் செய்தார்.

"மேடம், உங்க புத்தகம் தீந்துபோச்சு. மறுபடியும் அப்படியே அடிச்சிடலாமா? திருத்தம் ஏதும் இருக்கா?"

"மாசக் கடைசிக்குள்ள சொல்றேன் பாய். பசங்களைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் நல்லாப் புரியுதுன்னுதான் சொல்றாங்க."

அன்று மதியம் கயல்விழி வந்தாள். அம்மாவின் மாணவி. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். ஒரு பக்கத்தைக் காட்டிச் சந்தேகம் கேட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்தார்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது மேடம்."

பால் வாங்கப் புறப்பட்ட வானதியும் அவளுடனேயே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். அங்கே கயல்விழி மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்கள் கலங்கின.

"என்னக்கா? புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"மேடம் வாயால சொல்லும்போது புரியுது வானதி. புத்தகத்துல படிச்சா ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"அதை அம்மாகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க எழுதின புத்தகம் எனக்குப் புரியலன்னு அவங்ககிட்டயே எப்படிச் சொல்றது? கிளாஸ்ல வேற யாருமே சொல்லல. எனக்குத்தான் மண்டையில ஏறல போல. எம்.எஸ்சி. சேரலாம்னு ஆசையா இருந்தேன். இனிமே வேணாம்னு தோணுது." கயல்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னதா மேடம்கிட்ட சொல்லிடாத, என்ன?"

"சொல்ல மாட்டேன்க்கா."

பஸ் வந்தது. கயல்விழி ஏறிப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வானதிக்கு அதே யோசனைதான். சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் புத்தகம் அப்படியே அச்சாகிவிடும். பால் வாங்க மறந்துபோய், பாதி வழியில் திரும்பி ஓடினாள்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, உன் புத்தகம் ஒண்ணை உன் கிளாஸ்ல சுத்துக்கு விடேன். யாரும் பேர் எழுத வேணாம். புரியலன்னும் எழுத வேணாம். படிக்கும்போது எந்த வரியில நின்னு திரும்பப் படிக்கிறாங்களோ, அங்க பென்சிலால ஒரு புள்ளி வைக்கட்டும். அவ்வளவுதான்."

"எதுக்குடி? அதான் கேட்டேனே. புரியுதுன்னு சொல்றாங்களே."

"எங்க கணக்கு சார் கேட்டாக்கூட நாங்க 'புரிஞ்சுது சார்'னு எல்லாரும் சேர்ந்து கத்துவோம்."

"புரியலன்னாலுமா?"

"பெல் அடிக்கிற நேரம்னா இன்னும் சத்தமாக் கத்துவோம்."

அம்மா அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

மாணவர்கள் கை மாறிக் கை மாறிப் படித்த பிறகு புத்தகம் வீடு திரும்பியது. அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். அதற்கு அம்மை போட்டது போல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் புள்ளிகள்!

அம்மாவின் முகம் வாடிப்போனது. இந்த யோசனையைச் சொல்லியே இருக்கக் கூடாதோ என்று வானதி நினைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கங்களைப் புரட்டினாள். கணக்குகள் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது.

"அம்மா, 'இதிலிருந்து எளிதாக அறியலாம்'னு நீ எழுதின இடத்துல எல்லாம் ஒரே புள்ளியா இருக்கு பாரு!"

"அது நிஜமாவே எளிதுதான்டி. இரு, காட்டறேன்."

அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வேகமாக எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது. திருப்பி எழுதினார். அதுவும் நிறைந்தது. இன்னொரு தாள் எடுத்தார். நெற்றியைச் சொறிந்துகொண்டார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எளிதா இல்ல. இவ்வளவையும் நான் ஒரே வரியில தாண்டிப் போயிருக்கேன். பசங்க என்ன பண்ணுவாங்க, பாவம்!"

அதன் பிறகு அம்மாவே ஆர்வமாகப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். ஒரு பக்கத்தில் ஒரே வரியில் புள்ளிமேல் புள்ளியாக மொய்த்திருந்தது. அதைப் படித்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"ஐயையோ! வானதி, இங்க ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கு!"

"ஒரு சின்னக் கோடுதானேம்மா?"

"சின்னக் கோடா? எலக்ட்ரானோட அலை ஒரு சுவருக்குள்ள போகப் போகச் சிறுசாகணும். நான் எழுதியிருக்கிற மாதிரி பார்த்தா பெருசாயிட்டே போகும். படிக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

திங்கட்கிழமை அம்மா வகுப்பில் அந்தத் தவறைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே கயல்விழி வந்து நின்றாள்.

"மேடம், அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கழித்தல் குறி வந்துச்சு. புத்தகத்துல இல்லையே, நான்தான் தப்புன்னு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நீ போட்டதுதான் சரி. தப்பு என்னோடது," என்றார் அம்மா. "கயல், இந்தப் புத்தகத்தை மாத்தி எழுதப் போறேன். கூட உட்காருறியா?"

கயல்விழி தயங்கி, பிறகு தலையாட்டினாள்.

மாதக் கடைசி வரை வீட்டில் அதே வேலைதான் நடந்தது. அம்மா வகுப்பில் பேசுவது போலவே பேசுவார். கயல்விழி அதை அப்படியே எழுதுவாள். வானதி சிவப்புப் பேனாவோடு 'எளிதாக' என்ற சொல்லைத் தேடித் தேடி அடிப்பாள்.

இரண்டு அலைகள் சந்திக்கும் பாடம் வந்தபோது கயல்விழி கேட்டாள். "நடவுக்குத் தண்ணி கட்டின வயல்ல ரெண்டு கல்லைப் போட்டா, வட்டம் வட்டமா வந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுமே. அதைப் போடலாமா மேடம்?"

"தாராளமாப் போடலாமே! எங்க வயல்லயும் பார்த்திருக்கேன். எழுதும்போது தோணவே இல்ல பாரு."

எழுதி முடித்த தாள்கட்டைப் பார்த்த மீரா சாகிப் மலைத்துப் போனார். "திருத்தம்னு சொல்லிட்டு இவ்வளவு பக்கத்தைக் கூட்டிட்டீங்களே மேடம்!"

"எளிதாக்கியிருக்கோம் பாய்," என்றாள் வானதி.

அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு முறை பார்க்க, மழை பெய்த ஒரு மாலையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அப்பா சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்து வைத்தார். கயல்விழி படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மேடம், இந்தப் பத்தி எனக்குப் புரியல."

தயக்கமே இல்லாமல், நல்ல சத்தமாகச் சொன்னாள்.

"எந்த வரி?" அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தலைகளும் அந்தத் தாளின்மேல் குனிந்தன.

இவர்கள் இப்போதைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று வானதிக்குத் தெரிந்துவிட்டது. பஜ்ஜித் தட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.