பச்சை காட்டிய காப்பு

பந்தி பரிமாறுகிறவர்கள் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். நெல்லையில் அந்த மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி வாளியோடு வந்த அண்ணாச்சி, குழல்வாய்மொழியின் காப்பில் பச்சை விளக்கைக் கண்டதும் கரண்டியைச் சாய்த்தார்.

“வேண்டாம் அண்ணாச்சி, வயிறு முறுக்குது.”

“காப்பு பச்சையால்லாம்மா கெடக்கு! வயித்துவலின்னு சொல்லித் தப்பிக்கிற காலமெல்லாம் மலையேறிட்டு.”

பக்கத்து இலைக்காரன் அவள் கணவன் பால்வண்ணன். அவன் காப்பு சிவப்பு. அதனால் அவனுக்குக் கஞ்சி.

“எனக்குச் சொத்தப் பல்லுதாம்வே வீங்கியிருக்கு. வயிறு நல்லாத்தான் இருக்கு, ஊத்தும்!”

“செவப்புக்குச் சொதி கெடையாது.”

எல்லார் கையிலும் ஏறிவிட்ட அந்த அழற்சிக்காப்பை வடிவமைத்தவளே குழல்வாய்மொழிதான். குடல் அழற்சி நோய் அவளுக்கும் உண்டு. குடல் புண்பட்டால் கல்லீரல் ஒரு புரதத்தைக் குருதியில் கொட்டும். காப்பின் மயிரிழை ஊசிகள் அதை அளக்கும். குறைந்தால் பச்சை, மிகுந்தால் சிவப்பு. பல் வீங்கினாலும் அதே புரதம் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வேளை கஞ்சி குடித்தால் குடியா முழுகிவிடும் என்று விட்டிருந்தாள்.

ஆனால் இந்தப் பச்சை? வலியில் நெற்றி வியர்த்தது; அதற்குள்ளும் ஆர்வம் குறுகுறுத்தது. சோதனைக் காலத்தில் சிலர் இப்படித்தான் பச்சை விளக்கோடு துடித்தார்கள். நடிக்கிறார்கள் என்று அவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கியிருந்தாள்.

“அத்தான், சிலரோட கல்லீரல் பிறவியிலயே அந்தப் புரதத்தச் சரியா செய்யாது போல! குடல் பத்தி எரிஞ்சாலும் காப்பு பச்சையாவே இருக்கும். அழற்சியில கூடுற ரத்தத் தட்டணுக்களையும் சேத்து எண்ணியிருக்கணும், மலத்துலகூட ஒரு புரதம்…”

“பந்தியில பேசுற பேச்சா இது? ஒதடெல்லாம் வெளுத்துட்டு. எந்திரி.”

மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்குக் கதவுதான் காவல். குழல்வாய்மொழி காப்பைக் காட்டினாள்.

‘பச்சை. குருதி பொய் சொல்லாது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்.’

கனிவான அந்தக் குரல் அவளுடையது. அவளே பேசிப் பதிவுசெய்து கொடுத்தது.

“வலிக்குது,” என்றாள். பயனில்லை. பேச்சைக் கேட்டால் பொய்க்கும் இடம் கொடுத்ததாகிவிடும் என்று, கதவுக்கு அவள் காதே வைக்கவில்லை.

பால்வண்ணன் தன் கையை நீட்டினான். கதவு அகலத் திறந்தது. ‘சிவப்பு. பயப்படாதீர்கள், படுக்கை தயார்.’

“பாத்தியா, எம் பல்லுக்குள்ள மரியாதைய!” கதவு மூடாதபடி காலால் மறித்துக்கொண்டு, அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனான்.

ஓடிவந்த மருத்துவர் பால்வண்ணனைப் படுக்கையில் சாய்த்து வயிற்றை அமுக்கினார். “எங்க சார் வலிக்குது?”

“டாக்டர், அந்தக் கேள்விய இவகிட்ட கேளுங்க.”

மருத்துவர் திரும்பி, பழக்கப்படி மணிக்கட்டைத் தேடினார். குழல்வாய்மொழி அதற்குள் காப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.