பாசி கலையாத மூடி

காலை 6.40. வடிகட்டியின் குழாயைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாகக் கலங்கலாக வந்த தண்ணீர் இன்று கறுப்பாக வந்தது.

செப்டிக் டேங்க் தண்ணீரை ஜல்லி, கரி, மணல் வழியே விட்டுச் செடிக்குப் பாய்ச்சுகிறவள் அவள். தெருவில் அவள் பெயரே ‘ஃபில்டர்’. பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வருகிறார். தண்ணீர் தேறாவிட்டால் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும்.

10.05. ஆய்வாளர் வந்து கறுப்புத் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். “லாரிக்காரன் வேலைதான்டி” என்றாள் அம்மா. “உன்னால அவன் பொழப்பு போச்சுல்ல?”

சேதி கேட்டு வாசலில் வந்து நின்ற கழிவுநீர் லாரி டிரைவர் துள்ளினார். “யம்மா, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க!”

ஃபில்டர் போய், செப்டிக் டேங்கின் மூடியருகே குந்தினாள். சிமென்ட் பூச்சின் மேல் பச்சைப் பாசி, ஒரு கீறல் இல்லை. வடிகட்டியின் பூட்டும் அப்படியே இருந்தது.

“டேங்க் உள்ள இருக்கிற கிருமிங்கதான் கழிவைத் தின்னு பாதி வேலை பாக்குது. அதை யாரோ கொன்னிருக்காங்க.”

மாடியில் குடியிருக்கும் சித்தப்பா படியில் நின்று சிரித்தார். “கிருமி செத்தா கொலைக் கேசா? இடிங்க சார், அங்க என் கார் நிக்கட்டும்.”

“சித்தி எங்க?”

“மக வீட்டுக்குப் போயி பத்து நாளாச்சு. ஒரு டம்ளர் கழுவ ஆளில்ல.”

மாடிக்குப் போய்வந்த ஆய்வாளர் வியந்தார். “மேல கக்கூஸ் கண்ணாடி மாதிரி மின்னுது! எங்க ஆபீஸ்ல பாக்கணுமே!”

10.30. ஃபில்டர் எழுந்தாள்.

“மூடியை யாரும் தொடல. அப்ப விஷம் போக ஒரே வழி கக்கூஸ். கீழ நானும் அம்மாவும் சோப்பைக்கூட அளந்துதான் போடறோம். மேல, பத்து நாளா டம்ளர் கழுவாத மனுஷன் கக்கூஸை மட்டும் கழுவினாராம். எத்தனை கேன் ஆசிட், சித்தப்பா?”

சித்தப்பா முகம் சிவந்தது. “என் கக்கூஸ்! நான் எதை வேணா ஊத்துவேன்!”

“கேட்டுக்கிட்டீங்களா சார்?”

“கேட்டேம்மா. ஆனா இன்னைக்கு எழுதினா ஃபெயில்தான்.”

“எழுதாதீங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. தெளியலன்னா கடப்பாரையை நானே எடுக்கறேன்.”

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

அவள் டிரைவரிடம் திரும்பினாள். “அண்ணா, டேங்கைக் காலி பண்ணிட்டு, நல்லா ஓடுற வேற டேங்க்ல இருந்து ரெண்டு வாளி கசடு கொண்டாந்து ஊத்துங்க. கிருமி திரும்பப் பிடிக்கணும்.”

“எடுக்கத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. போடக் கூப்பிட்ட ஒரே ஆள் நீதான் தாயி!”

11.00. மாடிக் கக்கூஸில் பூட்டு தொங்கியது. சாவி அவள் கையில்.

“அவசரம்னா கீழ வாங்க சித்தப்பா. வெறுங்கையோட.”