தூசி நீக்கு

திரையில் புடவை இருந்தது, மாலை இருந்தது, நாற்காலி இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் மெழுகு உருகி வழிந்தது போல் ஏதோ.

குடவாசல் கடைத்தெருவில் 'பாரம்பரியப் பட மீட்பு நிபுணர்' என்று போர்டு மாட்டியிருந்த நடராசனுக்கு அந்த நிபுணத்துவம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நெகட்டிவை ஸ்கேன் செய்யும் மென்பொருள்கள் மூன்றைப் பார்த்து, எதில் பொத்தான்கள் அதிகமோ அதை வாங்கினார். 'தூசி நீக்கு' என்பதில் டிக் அடித்திருந்தார். கலர் ஃபிலிமுக்கு அது சரி. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான்; அதையும் தூசியென்று துடைத்துவிடும். இதைச் சொல்லும் வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் ஆனந்தவல்லி. அவளுக்குப் பதினொரு வயதில் அம்மா பிரகதாம்பாளை வயலில் பாம்பு கடித்தது. மாட்டியிருந்த ஒரே படத்தை மழைவெள்ளம் தின்றுவிட, அம்மாவின் முகம் இனி இந்த நான்கு நெகட்டிவில்தான். பாடையில் தூக்குவதற்குமுன் உடலை நாற்காலியில் சாத்தி எடுப்பது அப்போதைய வழக்கம். எடுத்தது இருபது வயது நடராசன். முதல் நெகட்டிவில் மட்டும், மூடிய கண்களை மையால் திறந்து வரைந்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

குருட்டாம்போக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். ஸ்கேனர் விளக்கு முனகிக்கொண்டே நகர்ந்தது. பழைய ஃபிலிமின் காடி வாடை கடை முழுக்க ஏறியது. தூரத்தில் சேற்றுழவு டிராக்டர் ஒன்று உறுமி உறுமி அடங்கியது. முதல் படம் வந்தது. அம்மா வந்தாள். ஆனந்தவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். மடிமேல் கைக் கட்டைவிரல்கள் இரண்டும் துணிநாடாவால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

இரண்டாவதிலும் அப்படியே.

மூன்றாவதில், வலது கட்டைவிரல் கட்டுக்கு வெளியே இருந்தது.

"அண்ணே, விரல்..."

"ஃபிலிம் பழசும்மா. ஆடியிருக்கும்."

ஃபிலிம் ஆடினால் முடிச்சு அவிழாது. அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். பறைச் சத்தம், சுற்றிலும் பெரிய மனிதர்கள், நாலு மணிக்குத் தாராசுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சொல்லி, தப்பாகிப்போனால் ஊர் சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்து ஸ்டாண்டை மடக்கினார்.

"மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாமே" என்று மவுஸுக்குக் கை நீட்டினார். மவுஸ் அவள் கையில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள்.

நாற்காலிக்குப் பின்னால் பீரோ. பீரோவில் கண்ணாடி. கண்ணாடியில் ஸ்டாண்டு, கேமரா. அதற்குப் பக்கத்தில், கேமராவை அமுக்கும் கேபிளை விரலில் பிடித்தபடி ஒரு பையன். லென்ஸ் வழியாக அல்ல. வெறுங்கண்ணால். அந்த விரலையே பார்த்துக்கொண்டு.

"இது நீங்கதானே?"

நடராசனுக்குக் காது மடல் எரிந்தது.

நான்காவது படம் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. கோடு கோடாக. நெற்றி. புருவம். மை தொடாத ஃபிலிம்.

இரண்டு கண்கள். திறந்து. லென்ஸை அல்ல, சற்றுத் தள்ளி, அந்தப் பையன் நின்ற பக்கமாக.