செங்காவிக் கைகள்

"ஹலோ! டோன்ட் டச்!"

பாறையருகே உயர்ந்த ரதிதேவியின் கை அப்படியே நின்றது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, சிவந்த பாறைகள் இருபுறமும் எழுந்து வானத்தை ஒடுக்கிய பள்ளத்தாக்கு அது. நியூசிலாந்தின் ஒக்லாந்திலிருந்து வந்த அவளது சுற்றுலாக் குழு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"விசரன்..." என்று முணுமுணுத்தாள்.

"அப்படின்னா என்னங்க?"

தமிழ்! இங்கேயா...? திடுக்கிட்டுத் திரும்பினாள். வேறொரு குழுவோடு வந்து, தொப்பியைக் கழற்றியபடி நின்றவனின் கண்களில் கோபமில்லை, குறும்புதான் மின்னியது.

"பைத்தியக்காரன் எண்டு அர்த்தம். நான் தொடேல்லை. அளவுதான் பாத்தனான்."

பாறையில் செங்காவியை ஊதிப் பதித்த கைகள்... எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றின் நடுவே ஒரு குழந்தையின் கை. ஒக்லாந்தின் பாபகூராவில் பாலர் பள்ளி ஆசிரியையான அவளுக்கு, தன் வகுப்புப் பிள்ளைகள் வர்ணத்தில் கை தோய்த்துத் தாளில் பதிப்பது நினைவுக்கு வந்து கண் கலங்கியிருந்தது.

அதைச் சொன்னதும் அவன் முகம் வாடியது.

"மன்னிச்சுக்குங்க. நான் மோகனதாஸ், மலேசியாவுல ஈப்போக்காரன். இப்ப ஒக்லாந்துல, விரிங்கற இடத்துல பெயின்ட் ஃபேக்டரில கெமிஸ்ட். நாங்க செய்யுற பெயின்ட் ஒக்லாந்து மழையில பத்து வருஷம் தாங்குனாலே பெரிய விஷயம். இதைப் பாத்ததும்... யாராச்சும் கை வெச்சிடுவாங்களோன்னு பதறிட்டேன்."

"விரியோ? நான் சனிக்கிழமையிலை அந்த வழியாத்தான் ரயிலிலை டவுனுக்குப் போறனான்!"

அடுத்த ஊர்க்காரரைச் சந்திக்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்ததா! இருவரும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு எந்தப் பள்ளத்தாக்கிலும் அவர்கள் தனித்தனியே நடக்கவில்லை.

ஊர் திரும்பியதும், எடுத்த படங்களோடு மோகனதாஸ் அவள் வீட்டுக்கு வந்தான். அப்பா ஆனந்தராசா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டார். "கோயில் வெள்ளிக்கிழமைப் பூசையளிலை தம்பியைக் கண்டதில்லையே?"

"நாங்க கிறிஸ்தவங்க, அங்கிள்."

அப்பா பேசவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனதாஸ் எழுந்து விடைபெற்றான்.

பிறகு போன் வரவில்லை. நானாகக் கூப்பிடுவதா என்று அவளும் வீம்பாக இருந்தாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு துள்ளியது... ஏமாந்தது.

ஒரு மாலை, கொட்டும் மழையில், பெயின்ட் ஃபேக்டரி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் எனக்குப் போன் பண்ணேல்லை?"

"உங்கப்பா பேசாம இருந்ததே பதில்னு நெனச்சேன். வேணாம்னு அவர் வாயால கேக்க... ரோஷம் விடல."

"அவருக்கு யோசிக்க நேரம் வேணும். உங்களுக்கு அவசரம். நடுவிலை நான்..." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தனான். போறன்."

"ரதி... நில்லுங்க. இந்த மழையில எப்படி வந்தீங்க?"

"கார்லை."

"கார் ஓட்டுவீங்களா?"

"இல்லை..." அவள் இமைகள் தாழ்ந்தன. "அப்பாதான் கொண்டந்து விட்டவர்."

சாலைக்கு அப்பால் நின்ற காருக்குள், ஆனந்தராசா மும்முரமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனதாஸின் முகம் மலர்ந்தது. "அப்ப நேரா அவர்கிட்டயே கேட்டுடவா?"

"முதல்லை என்னட்டைக் கேளுங்கோ..."

"என்னைக் கட்டிக்கிறீங்களா, ரதி? உங்களப் பாக்காம என்னால இருக்க முடியல."

"ஓம்."

மழை இரைச்சலில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் அவர் கையைப் பின்னால் நீட்டி, காரின் பின்கதவை இருவருக்கும் திறந்துவிட்டார்.