சக்கரவர்த்தி கையெழுத்திட்ட காதல்

மழை... கான்ஸ்டான்டிநோபிளையே தூண்மண்டபங்களுக்குள் விரட்டிவிட்ட மழை.

ஒதுங்கிய கூட்டத்தில் ஒரு பெண், பலகையில் தொங்கிய புதிய திருமணச் சட்டத்தைத் தோழிக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கடவுள் சேர்த்ததைப் பிரிக்காதே என்று வேதாகமத்தை நினைவூட்டிய வரி வந்ததும் சிரித்துவிட்டாள்.

“வேதத்துல இந்த வரிதான் கெடைச்சுதா? பிரிக்காதே, ஓடாதே... எழுதினவருக்குக் கல்யாணம்னா சிறைச்சாலை போல.”

“எழுதினது நான்தாங்க,” என்றான் பக்கத்தில் நின்ற லியோன்.

திரும்பினாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அடியில் குறும்பு. பயமே இல்லை.

அரண்மனையில் சட்டம் எழுதுபவன் அவன். சக்கரவர்த்தியின் வாய்க்கு வேதத்திலிருந்து சொல்லெடுத்துத் தருவது அவன் வேலை. வேறென்ன எழுதியிருக்க வேண்டும் என்று கோபமாகவே கேட்டான்.

“வெள்ளத்தாலயும் அணைக்க முடியாத அன்புன்னு வருமே... அதுவும் வேதந்தான். உங்களுக்கு அந்த தைரியம் வராது.”

“தெக்லா, மழை விட்டாச்சு,” என்று தோழி இழுத்துப் போனாள். அந்தக் கண்கள் மட்டும் அவனோடு வந்துவிட்டன.

விசாரித்துக்கொண்டு பெண் கேட்கப் போனான். அவள் தந்தை யூலாலியஸ் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர். வேலையைக் கேட்டதும் முகம் இறுகியது.

“கடவுள் பேசுனத அரசர் வாயில வைக்கிறவருக்கு எம்பொண்ணு கெடையாது, தம்பி.”

திரைக்குப் பின்னால் அந்தக் கண்கள்... கலங்கியிருந்தன.

அடுத்த சட்டம் எழுத வந்தது. சீதனப் பத்திரம் இல்லாவிட்டாலும், மனம் ஒத்தால் திருமணம் செல்லும். முன்னுரையில் லியோன் அவள் சொன்ன வரியை எழுதினான். மேலதிகாரி புருவம் உயர்த்தினார்... வேதவரி என்பதால் நீக்கவில்லை. சக்கரவர்த்தி ஊதா மையில் கையெழுத்திட்டார்.

புதிய சட்டத்தைத் தேவாலயங்களில் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யூலாலியஸ்தான் வாசித்தார். அந்த வரியில் நின்றார். தூணருகே நின்ற லியோனைப் பார்த்தார். அரசாணை, விட முடியாது... வேதம், வெறுக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மேலே பெண்கள் மாடத்தில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம்.

வெளியே மறுபடி மழை. படியில் அவனருகே வந்து யூலாலியஸ் நின்றார்.

“வேதமும் அரசரும் ஒரு பக்கம் நின்னா நான் எங்க போய் நிக்க? நனையாதீங்க, மாப்பிள்ளை.”

அவர் முன்னே நடந்தார். பின்னால் வந்த தெக்லா நின்றுவிட்டாள்.

“சக்கரவர்த்திக்கு இவ்வளவு காதலா?”

“அவர் கையெழுத்துதான் போட்டார்... காதல் என்னோடது.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒரு சாம்ராஜ்யமே வேணுமா?”

வேண்டியதில்லை. குனிந்து, அவள் காதருகே... அவனே சொன்னான்.