பூட்டிக்கொண்ட விரல்கள்

அலறியது, மைதானம் கூட்ட வந்த பெண்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்த திசையில், கடைசி இலக்குப் பலகைக்குக் கீழே கோச் மல்லாந்து கிடந்தார். நெஞ்சில் ஓர் அம்பு. அதன் வால் பக்கம் ஆரஞ்சு நிற இறகுகள்.

பயிற்சிக்கு வந்து நின்ற 'பூட்டு' என்கிற பெண் அந்த இறகுகளையே பார்த்தாள்.

வில்வித்தை அணியில் ஆளுக்கொரு நிறத்தில் இறகு. ஆரஞ்சு, அவளுடையது!

பெற்றவர்கள் அவளுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். அணியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பயிற்சியில் வெளுத்து வாங்குகிற அவள், போட்டியில் கடைசி அம்பு என்று வந்துவிட்டால் போதும்... நாணைப் பிடித்த விரல்கள் பூட்டிக்கொள்ளும். விடாது. நேரம் முடிந்து மணி அடிக்கும். அம்பு வில்லிலேயே இருக்கும். அதனால் 'பூட்டு'. கிண்டலாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான ஆள். கையில் ஒரு பால்பாயின்ட் பேனா. எழுதுவதற்கு வாங்கினாரா, அமுக்குவதற்கு வாங்கினாரா என்று தெரியவில்லை.

க்ளிக்... க்ளிக்... க்ளிக்...

கோச்சின் அறையிலேயே விசாரணை. அவருடைய தொப்பி இன்னும் ஆணியில் தொங்கியது. பூட்டு அதைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள்.

"உங்க அம்புதானே?"

"ஆமா ஸார். ஆனா ஸ்டோர் ரூம்ல எல்லார் அம்பும் ஒண்ணாத்தான் இருக்கும். யாரு வேணா எடுக்கலாம்."

"நேத்து சாயந்திரம் கோச்சோட சண்டை."

"சண்டை இல்ல ஸார். அடுத்த வாரம் செலக்‌ஷன். இந்தத் தடவையும் விரல் பூட்டிக்கிட்டா டீம்ல இடமில்லைன்னார். அழுதுட்டேன்."

"அழுதீங்க, சரி. 'நீங்க இல்லாம இருந்தாத்தான் நான் ஜெயிப்பேன்'னு கத்தினீங்களே?"

கத்தியது நிஜம்.

"யாரு ஸார் சொன்னது?"

"உங்க டாக்டர்."

அவளுக்குச் சுருக்கென்றது. மருந்து எழுதும் டாக்டர் இல்லை அவர். வீரர்களின் மனசுக்குத் தெம்பு கொடுக்கப் போன வருஷம் வந்து சேர்ந்தவர். நெடுநெடு உயரம், தாடி, பஞ்சு மாதிரிக் குரல். அந்தக் குரலை நம்பித்தான் போட்டிக்கு முந்தின நாட்களில் அவள் தூங்கினாள்.

மேஜை மேலிருந்த அவள் செல்போன் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். கணவன்.

"வக்கீல்கிட்ட பேசிட்டேன். அவர் வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க."

"எனக்குத் தெரியாதா? பாப்பாதான் கேட்டுக்கிட்டே இருக்கா, அம்மா எப்ப வருவாங்கன்னு. என்ன சொல்லட்டும்?"

என்ன சொல்வது? அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்தபோது கண் நிறைந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. செலக்‌ஷனாவது மண்ணாவது... இப்போது வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"உள்ளே வரலாமா?"

டாக்டர். வலது கையில் தோல் பை. இடது கையில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி.

"ஸார், இந்தப் பொண்ணைக் கொஞ்சம் பார்த்து நடத்துங்க. அழுத்தம் தாங்காத மனசு. அழுத்தம் முத்திப்போனா என்ன பண்றோம்னு தெரியாமலே மனுஷங்க எதையாவது பண்ணிடுவாங்க. அவளா வேணும்னு பண்ணியிருக்க மாட்டா."

ஆதரவாகப் பேசுவது போலவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவளைச் சிறைப் பக்கம் நெட்டித் தள்ளியது.

"நீங்க வில் பிடிப்பீங்களா டாக்டர்?"

"நானா?" சிரித்தார். "தொட்டதுகூட இல்லை ஸார். நான் தொடறது மனசை மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் எதையோ குறிக்கப் பேனாவை அமுக்கினார்.

க்ளிக்.

தொப்பென்று ஒரு சத்தம். டாக்டரின் பை தரையில் கிடந்தது.

"ஸாரி... கை வழுக்கிடுச்சு."

குனிந்து எடுத்தார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூட்டு பார்த்தாள். பையை அவர் எப்படிப் பிடித்தார் என்று பார்த்தாள். மூன்று விரல்களின் முதல் கணுவில் கைப்பிடியைக் கொக்கி மாதிரி மாட்டி, கட்டை விரலை ஒதுக்கி...

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"வெளியே இருக்கேன். கூப்பிடுங்க." டாக்டர் போனார்.

"ஸார்..." என்றாள் பூட்டு. "வக்கீல் வர்ற வரைக்கும் பேசாதேன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். ஆனா நான் பேசணும்."

"பேசுங்க."

"எங்க வில்லுல கிளிக்கர்னு ஒரு சின்னத் தகடு இருக்கு. அம்பை முழுசா இழுத்ததும் க்ளிக்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா விரலை விட்டுடணும். யோசிக்கக் கூடாது. வருஷக்கணக்கா அதே பழக்கம். மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி விரல் விட்டுடும்."

"அதுக்கு?"

"டாக்டர் பையைப் பிடிச்சது, நாங்க நாணைப் பிடிக்கற மாதிரியேதான். உங்க பேனா சத்தத்துக்குத்தான் பை விழுந்தது."

இன்ஸ்பெக்டர் பேனாவைப் பார்த்தார். முதல் தடவையாக அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்!"

டாக்டர் வந்தார். மூன்று விரலில் பை. இன்ஸ்பெக்டர் மேஜைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சாவகாசமாக ஆரம்பித்தார்.

"கோச்சுக்கு எதிரிங்க யாராவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. ரொம்ப நல்ல மனு—"

க்ளிக்.

தொப்!

"மறுபடியும் வழுக்கிடுச்சா டாக்டர்?"

டாக்டர் பையை எடுக்கக் குனிந்தார்.

"அந்தப் பையை இந்த அம்மாகிட்ட கொடுங்க. நீங்க பிடிங்கம்மா, அதே மாதிரி."

பூட்டு மூன்று விரலில் பையை மாட்டிக்கொண்டாள்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

பை அசையவில்லை. நெஞ்சு அடித்த அடியில் விரல்கள் மேலும் இறுகின. எந்தப் பூட்டு இத்தனை நாள் அவளை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்ததோ, அதுதான் இப்போது அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"பை விழுந்தா நான் கொலைகாரனா? கோர்ட்டுல சிரிப்பாங்க ஸார்," என்றார் டாக்டர். குரலில் பஞ்சு போயிருந்தது.

"பிளாஸ்திரியைக் கழட்டச் சொல்லுங்க ஸார்," என்றாள் பூட்டு.

"கண்ணாடி டம்ளர் உடைஞ்சு—"

"இல்லை ஸார். அது என் அம்பு. என் கை நீளத்துக்கு வெட்டின அம்பு. நான் குட்டை. இவ்வளவு உயரமானவர் இழுத்தா, முனை வில்லைத் தாண்டிப் பின்னால வந்து கை மேல உக்காந்துடும். விட்டா கையைக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகும். என் மேல பழி போட என் அம்பை எடுத்தவர், என் உயரத்தை மறந்துட்டார்."

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார்.

"முனை நெஞ்சுக்குள்ளே. ஆனா பின்னாடி இறகுல ரத்தம். அது எப்படின்னு காலையிலேருந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். அது செத்தவர் ரத்தம் இல்லை... அப்படித்தானே டாக்டர்?"

பிளாஸ்திரி பிரிந்தது. கட்டை விரலின் அடியிலிருந்து நேராக ஒரு கிழிசல்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு அம்பு..." என்றார். "ஒரு காலத்துல நானும் அவன்கிட்டதான் கத்துக்கிட்டேன். ஃபைனல்ல கடைசி அம்பைக் கோட்டை விட்டேன். 'உனக்கு மனசுல தெம்பில்லை, போடா'ன்னு எல்லார் முன்னாடியும் துரத்தினான். அவன் வளர்க்கற ஒவ்வொருத்தரையும் அதே கடைசி அம்புல கவுக்கணும்னு வந்தேன். தாடி வளர்த்தேன், பேரை மாத்தினேன். பையைப் பிடிக்கற விதத்தை மாத்த மறந்துட்டேன். நேத்து அதை வெச்சுத்தான் என்னைக் கண்டுபிடிச்சான். வெளியே சொல்றதுக்குள்ள முடிச்சுட்டேன்."

"அப்போ எனக்குச் சொன்னதெல்லாம்?" பூட்டு கேட்டாள். "பயப்படாதே, எல்லாரும் பார்க்கறாங்கன்னு நினைக்காதே, விரல் பூட்டிக்கும்னு நினைக்காதே... அதெல்லாம்?"

டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நினைக்காதேன்னு சொன்னா எவளாவது நினைக்காம இருப்பாளா?"

அறையலாமா என்று கை எழுந்தது. அறையவில்லை. ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கடைசியாக அந்த மனிதரிடம் தான் சொன்ன வார்த்தை அதுவா என்று இருந்தது.

அடுத்த வாரம் செலக்‌ஷன் நடந்தது.

கடைசி அம்பு. விட்டால் டீம். விடாவிட்டால் வீடு.

நாணை இழுத்தாள். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. நினைக்காதே என்றது உள்ளே அந்தப் பஞ்சுக் குரல்.

நினைப்பேன் என்றாள் பூட்டு மனசுக்குள். எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கை நடுங்குகிறது, நடுங்கட்டும். பயமாக இருக்கிறது. அதனால் என்ன? இருந்துவிட்டுப் போகட்டும்.

க்ளிக்.

விரல்கள் திறந்தன.

அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவே போய் நின்றது. பார்வையாளர் வரிசையில் கணவன் தோளிலிருந்து ஒரு வாண்டு கத்தியது, 'அம்மா' என்று.

முதலிடத்துக்குப் பரிசாகக் கிடைத்த கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"வாழ்த்துகள்மா. ரத்தப் பரிசோதனையும் வந்தாச்சு. இறகுல இருந்தது டாக்டர் ரத்தம்தான். சாட்சியா ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." காகிதத்தை நீட்டி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அமுக்கினார்.

க்ளிக்.

பூட்டின் மூன்று விரல்களிலிருந்து பை நழுவியது.

சலீர்!

இருவரும் பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நல்ல வேளைம்மா... இந்தப் பை போன வாரம் விழுந்திருந்தா, விலங்கை நான் உங்க கையில மாட்டியிருப்பேன்."

பூட்டு குனிந்து பையைத் திறந்தாள். உள்ளே கோப்பை மூன்று துண்டாகக் கிடந்தது. கண்ணாடிக் கோப்பை.

"ஸார், பரிசுக் கோப்பையை உடைச்சவர் மேல ஒரு புகார் கொடுக்கணும். எழுதிக்கறீங்களா? பேனா உங்ககிட்டயே இருக்கு."